கடக்காலில் வந்த குருத்தோலை

எங்கள் சபைக்குப் புதுக் கோயில் கட்ட அஸ்திவாரம் தோண்டின நாளில் அந்தக் கல் முதலில் என் கண்ணில்தான் பட்டது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை. பெண்கள் சங்கத்துத் தலைவி நான். முழங்கால் வலியோடு வெயிலில் போகாதே என்று மகள் சொன்னதைக் கேட்காமல், குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் குழியோரம் நின்றேன். நின்றதனால்தானே பார்த்தேன்.

தேர்வாய் கண்டிகையிலிருந்து மேற்கே போனால், ஆந்திரா எல்லையை உரசிக்கொண்டு கிடக்கிறது எங்கள் ஊர். முன்னே சபை என்றால் பத்து வீட்டு ஜனம், ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். ஃபேக்டரிகள் வந்த பிறகு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வேலைக்கு வந்தார்கள். ராத்திரி ஷிப்டு முடித்து, கம்பெனிச் சட்டையோடு அப்படியே ஆராதனைக்கு வந்து பின்னால் நிற்பார்கள். கொட்டகை போதவில்லை. பெரிய கோயில் கட்டலாம் என்று தீர்மானித்து, கடக்கால் எடுக்க ஜேசிபி வந்தது. அஸ்திவாரக் குழியை எங்கள் பக்கம் கடக்கால் என்போம்.

குழி தோண்டுகிற இடத்தில் சும்மா நிற்க எனக்கு வராது. என் பாதி ஆயுசு சித்தாள் வேலையில் போனது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் எத்தனையோ காம்பவுண்டுச் சுவருக்கு நான் செங்கல் சுமந்திருக்கிறேன். அன்றைக்கு மேலே செம்மண் சரளை வந்தது. அதற்குக் கீழே வெளுத்த களிமண், கல்லாக இறுகினது, அடை அடையாக வந்தது. அதில் ஒரு துண்டு ஜேசிபி வாயிலிருந்து நழுவி என் காலடியில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. பிளந்த முகத்தில் ஓர் ஓலை.

நடுவில் ஈர்க்கு. இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக மடல்கள். பழுப்பு நிறம். என் கையளவுகூட இல்லாத, குட்டிக் குருத்தோலை.

நீங்கள் அந்த வாரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மறுவாரம் குருத்தோலை ஞாயிறு. ஓலை வெட்டி வரச் சொல்லி, சிலுவை பின்னுகிற பேச்சாகவே நாங்கள் இருந்தோம். அப்போது பூமிக்குள்ளிருந்து, கோயிலின் கடக்காலிலிருந்து, கல்லுக்குள் ஒரு குருத்தோலை வந்தால் நாங்கள் என்ன நினைப்போம்? பெண்கள் எல்லாரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கூவினார்கள். ஜேசிபிக்காரன் பயந்துபோய் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

"இன்னாமா, பாம்பா?"

"பாம்பு இல்லடா, பரலோகம்!" என்றாள் ஒருத்தி.

என் தம்பி ஓடி வந்தான். அவன்தான் சபையின் மூப்பர். மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். கல்லை வாங்கித் தூக்கிப் பிடித்தான்.

"நோவா காலத்து வெள்ளத்துல பொதைஞ்ச ஓலைக்கா இது! பூமிக்கு வயசு ஆறாயிரம் வருசம்னு நான் சொன்னா கம்பெனி பசங்க சிரிச்சானுங்க இல்ல? இப்ப வந்து பேசட்டும்!"

கல் என் பொறுப்பில் இருக்கட்டும் என்று முடிவானது. முந்தானையில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரே மகள். அவள் அப்பா போன பிறகு நான் சுமந்த செங்கல்லில் படித்தவள். பூமியைப் பற்றின படிப்பு. ஜியாலஜி என்றால் எங்கள் ஊரில் கிணற்றுக்குத் தண்ணீர் ஓட்டம் பார்க்கிற வேலையா என்று கேட்டார்கள். இப்போது அவள் மண் பரிசோதனைக் கம்பெனியில் இருக்கிறாள். ஃபேக்டரி கட்டுவதற்கு முன்னால் பூமிக்குள் குழாய் இறக்கி, கீழே என்ன இருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. அவள் கையெழுத்து இல்லாமல் பெரிய பெரிய கட்டடம் எழும்பாது. ஞாயிற்றுக்கிழமையானால் அதே கையில் சாக்பீஸ் பிடித்து, சபைப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பாள். பதினாறு வயதில் தொடங்கினது. அவளிடம் பாட்டுக் கற்ற பிள்ளைகள் இப்போது கல்யாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளை அவளிடமே அனுப்புகிறார்கள்.

சாயங்காலம் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தவள் மேசைமேல் இருந்த கல்லைப் பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"அம்மா, இத்த யாரு ஒடச்சது?"

"நாங்க ஒண்ணும் ஒடைக்கல. கீழ உழுந்து தானா பொளந்துக்கிச்சி."

"எவ்ளோ சுத்தமா பொளந்துக்கீது பாரும்மா!"

கையைக் கழுவிக்கொண்டு வந்து, லென்சை வைத்துப் பார்த்தாள். சிரித்தாள். பார்த்தால் கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

"குருத்தோலதானே?" என்றேன்.

"இல்லம்மா. பனை, தென்னை எதுவும் ஒலகத்துல வராத காலத்து செடி இது. இந்த ஜாதியே இப்ப கெடையாது."

"எம்மாங்காலம் இருக்கும்?"

"பத்துக் கோடி வருசத்துக்கு மேல."

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "கோடி கோடின்னு எலெக்சன்ல பேசறவன் மாதிரி பேசறியே" என்றேன்.

"நீ சிரிச்சிக்கோ. நெஜந்தான்."

கஞ்சி வடிந்ததும் பானையை நிமிர்த்தி வைத்தேன். பிறகு கேட்டேன்: "அப்ப ஆண்டவரு?"

"அவரு எங்க போனாரு? அப்பவும் இருந்தாரு." லென்சிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இந்தச் செடி பச்சையா ஆடிக்கினு இருந்தப்ப பாக்கறதுக்கு ஒரு மனுசன் கெடையாதும்மா. அவரு மட்டும் பாத்துக்கினு இருந்தாரு."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. கோடிக் கணக்கு என் தலைக்குள் ஏறவில்லை. ஆனால் யாருமில்லாத காட்டில் ஒரு செடி, அதைப் பார்த்துக்கொண்டு ஆண்டவர், அது ஏறியது.

குருத்தோலை ஞாயிறன்று கல்லைக் கொட்டகையில் ஒரு ஸ்டூல்மேல் வைத்தார்கள். அதன் பிறகு வாரா வாரம் வைத்தார்கள். கவரப்பேட்டையிலிருந்து, ஊத்துக்கோட்டையிலிருந்து எல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். பார்த்தவர்கள் தொட்டார்கள். தொட்டவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு நாள் ஒருத்தி ஜெப எண்ணெயைக் கொண்டுவந்து கல்லின்மேல் தடவி, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் பூசினாள். என் மகள் பாய்ந்து போய்த் தன் துப்பட்டாவால் கல்லைத் துடைத்தாள். "சிலையே வாணாம்னு சொல்ற சபை நம்முது. இப்ப கல்லுக்கு எண்ணெயா?" என்றாள். அந்தப் பெண்ணுக்கு வருத்தம். என் மகள் பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டி வந்தாள். அதையும் சொல்ல வேண்டும்.

சுவர் எழும்பி ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது விவகாரம் பெரிதானது. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் கல்லைப் பதிக்க வேண்டும் என்று என் தம்பி சொல்லியிருந்தான். எவ்வளவு இடம் விடட்டும் என்று கொத்தனார் கேட்டார். என் தம்பி போதகரை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். போதகர் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. இளவயது. எதையும் மெதுவாகப் பேசுவார். ஓலைக்கல்லுக்குக் கீழே வைக்கச் சலவைக்கல்லில் வெட்டப்போகிற வாசகத்தை என் தம்பி எனக்குப் படித்துக் காட்டினான். நோவா காலத்துப் பிரளயத்துக்குச் சாட்சியான ஓலை என்று மேலே. பெண்கள் சங்கத்தார் கண்டெடுத்தது என்று கீழே.

கீழ் வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். கூடை தூக்கின என் தலைமுறைப் பெண்கள் யாருக்கும் எந்தச் சுவரிலும் பெயர் இல்லை. எத்தனை கம்பெனி வாசலில் எத்தனை பேர் பெயரைக் கல்லில் வெட்டினார்கள், நான் அந்தக் கல்லுக்குக் கலவை கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி கோயில் சுவரில் எங்கள் சங்கத்தின் பெயர். நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று.

"பிரதிஷ்டை அன்னிக்குப் பாப்பா எழுந்து ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லணும்" என்றான் தம்பி. என் மகளை அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். "கல்லு படிச்சவ சொன்னா கம்பெனி பசங்களும் வாய மூடுவானுங்க."

"சொல்றேன் மாமா. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்."

"ஒனக்குத் தெரிஞ்சது வாணாம். நான் எழுதித் தரேன், அத்தப் படி."

போதகர் சிரித்துவிட்டார். என் மகள் சிரிக்கவில்லை.

"மாமா, பத்துக் கட்டளைய எனக்கு மனப்பாடம் பண்ண வெச்சது யாரு?"

"நாந்தான்."

"பொய் சாட்சி சொல்லாதேன்ற எடத்துல தப்பு உட்டேன்னு காதத் திருகினது யாரு?"

"அதுக்கு இன்னா இப்ப? வேதம் பொய்யின்றியா?"

"வேதம் பொய்னு நான் எங்க சொன்னேன்? ஒன் சலவைக்கல்லு பொய்னு சொல்றேன்."

என் தம்பிக்கு முகம் கறுத்துப் போனது. "கல்லு படிச்சிப் படிச்சி இவ மனசும் கல்லாப்பூடுச்சி. எல்லாம் நீ குடுத்த எடம்க்கா." போதகர் பக்கம் திரும்பினான். "ஐயா, இவ இப்டிப் பேசறப்ப சின்னப் பசங்கள இவகிட்ட உடறதா? கமிட்டில பேசிட்டேன். சாட்சி சொன்னா வகுப்பு எடுக்கட்டும். சொல்லலன்னா வாணாம்."

போதகர் டீத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது கொஞ்சம் ஜாஸ்தி, ஐயா" என்று ஏதோ சொல்ல வந்தார். தம்பி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

என் மகள் எழுந்தாள். சத்தம் போடவில்லை. "வகுப்பு வாணாம்னா சரி மாமா. ஆனா செவுத்துல பொய்ய மாட்டிட்டு அதுக்கு எதிர்ல ஒக்காந்து என்னால ஜெபம் பண்ண முடியாது. நான் கோயிலுக்கே வரல."

உள்ளே போய்விட்டாள். நான் நடுவில் நின்றேன். என் தம்பிக்கு நான்தான் அம்மா மாதிரி. அந்தக் கோயில் என் தாய் வீடு. மகள் என் உயிர். எதை விடுவது? எதையும் விடுகிற எண்ணம் எனக்கு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். பாயில் என் பக்கத்து இடத்தில் என் பையை வைத்தேன். "பொண்ணு வரல? ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்கள். "ஒடம்பு நல்லாத்தான் கீது. கோவம்" என்றேன். பிள்ளைகள் வகுப்பு நடக்கிற வேப்பமரத்தடியில் வேறு ஒரு பெண் நின்று கத்திக்கொண்டிருந்தாள், ஒரு பிள்ளையும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மறுவாரமும் அப்படித்தான். மகள் வீட்டில் உட்கார்ந்து தனியாக ஜெபம் பண்ணினாள். தனி ஜெபம் நல்லதுதான். ஆனால் தனி அடுப்பு மாதிரி அது. சீக்கிரம் அணைந்துபோகும். எனக்கு அந்தப் பயம் வந்தது.

அவள் பிடிவாதக்காரி என்று ஊர் சொல்லிற்று. பிடிவாதம் சரியானதற்கா, தப்பானதற்கா என்று எனக்கே தெரிய வேண்டும். "நீ சொல்ற கோடி வருசத்த எனக்குக் காட்டு" என்றேன். ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். தொழிற்பேட்டை தாண்டி, மழைத்தண்ணீர் போகக் கால்வாய் வெட்டின இடம். இரண்டு பக்கக் கரையும் சுவர் மாதிரி நிற்கிறது. என் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

அடை அடையாக வெள்ளைக் களிமண். காகிதக் கனத்துக்கு ஓர் அடை, அதன்மேல் இன்னொன்று. நகத்தால் பெயர்த்தால் வருகிறது. ஓர் இடத்தில் ஒரு துணுக்கு இலை. அதற்கு மேலே கொஞ்சம் தள்ளி இன்னொரு துணுக்கு. இன்னும் மேலே வேறு ஏதோ விதை.

"பெரிய வெள்ளம் ஒண்ணு அடிச்சிக்கினு வந்தா எப்டி இருக்கும்மா? கல்லு, மணலு, சேறு எல்லாம் கலந்து கெடக்கும். இங்க பாரு. மாவு மாதிரி இருக்கற மண்ணு, அசையாத தண்ணில மெதுவா மெதுவா எறங்கி உக்காந்துக்கீது. ஒரு அடை ஒக்கார்றதுக்கே எவ்ளோ காலமோ. அப்புறம் ஒரு எலை உழுது. மறுபடியும் மண்ணு. பூமிக்குள்ள கொழாய் எறக்கனா இது எங்கயோ போய்க்கினே கீது."

கலவைச் சட்டி கழுவுகிற தொட்டியில் சிமெண்டுப் பால் அப்படித்தான் இறங்கும். ராத்திரி முழுக்க விட்டால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் நூலளவு வண்டல். அந்த வண்டல் என் உயரத்துக்கு மேலே போய் நிற்கிறது இங்கே. நான் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்த ஆறு நாளு?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லு. சூரியன எந்த நாள்ல படைச்சாரு?"

"நாலாவது நாளு." அதெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு.

"அப்ப மொத மூணு நாளு, நாளுன்னு எத்த வெச்சி கணக்குப் பண்ணாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்ற பிறகு அந்த இடத்தை எத்தனை தரம் விரல் வைத்துப் படித்திருக்கிறேன். இதைக் கேட்கத் தோன்றவில்லையே!

"ஒண்ணு கேக்கறேன்மா. நான் எப்டி பொறந்தேன்னு சின்ன வயசுல கேட்டா நீ இன்னா சொல்லுவே?"

"ஆண்டவர் குடுத்தாருன்னு சொல்லுவேன்."

"ஆஸ்பத்திரில வயித்தக் கீறி எடுத்தாங்க. அத்தச் சொல்லலியே நீ. அப்ப நீ சொன்னது பொய்யா?"

"பொய்யா? யாருகிட்ட பேசறே? ஆண்டவர்தான் குடுத்தாரு!"

"டாக்டர் எழுதி வெச்சதும் நெஜம். நீ சொன்னதும் நெஜம். கொழந்தைக்கு மொதல்ல தெரிய வேண்டியது நீ சொன்னது. அவ்ளோதாம்மா."

அவளைக் கட்டிக்கொண்டேன். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. பெருமையாக இருந்தது. மகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நான் கும்பிடுகிறவரைப் பற்றி. என் தம்பியின் ஆண்டவர் ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னே ஒரு வாரம் வேலை செய்தவர். என் ஆண்டவர் கோடி கோடி வருஷமாய் இலை இலையாய், அடை அடையாய்ச் செய்துகொண்டே இருந்தவர். இரண்டு பேரில் எவர் பெரியவர்?

மாதத்தில் கடைசி ஞாயிறு சாட்சி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லலாம். நான் வழக்கமாக முழங்காலைப் பற்றிச் சொல்வேன். அன்றைக்கு எழுந்தபோது எல்லாரும் முழங்கால்தான் என்று நினைத்திருப்பார்கள்.

"அந்தக் கல்லு மொதல்ல என் கண்ணுல பட்டது. எங்க சங்கத்துப் பேரு செவுத்துல வரணும்னு எனக்குக் கொள்ளை ஆசை. ஆனா பொய்யிக்குக் கீழ எங்க பேரு வாணாம்."

தம்பி எழுந்தான். "அக்கா, இது சாட்சி நேரம். கமிட்டி மீட்டிங் கெடையாது."

"சாட்சிதாண்டா சொல்றேன். ஒக்காரு."

பெண்கள் பக்கம் சிரித்தார்கள். உட்கார்ந்தான்.

"நான் சித்தாளா இருந்தவ. எந்தக் காண்ட்ராக்டரும் அவசரக்காரன்தான். சனிக்கெழமைக்குள்ள முடி, சனிக்கெழமைக்குள்ள முடின்னு கழுத்துல கத்தி வெப்பான். ஏன்? அவனுக்கு மேல ஒரு இன்ஜினியரு. இன்ஜினியருக்கு மேல ஒரு மொதலாளி. நம்ம ஆண்டவருக்கு மேல யாரு கீறா? அவரு எதுக்கு அவசரப்படணும்? அவரு சாவகாசமா செஞ்சாருன்னு சொன்னா அவருக்கு அவமானமா? எனக்குப் பெருமையா கீது!"

பின்னால் கம்பெனிச் சட்டையில் நின்ற ஒருவன் உரக்க ஆமென் என்றான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

"பொய் சாட்சி சொல்லாதேன்னு என் பொண்ணுக்கு இந்தக் கொட்டாயிலதான் சொல்லிக் குடுத்தோம். அவ அத்தக் கேட்டுட்டா. அதுக்கோசரம் இப்ப ஊட்ல ஒக்காந்துக்கீறா. நாம சொல்லிக் குடுத்தத செஞ்சவள நாமே வெளிய நிறுத்தனா, அப்புறம் புள்ளைங்களுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்லிக் குடுப்போம்?"

உட்கார்ந்தேன். தலையைத் தாழ்த்தவில்லை.

"எங்கக்கா பேச ஆரம்பிச்சா ஆறு நாளும் பத்தாது" என்றான் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போதகர் தனியாக வந்தார். கல்லைப் பார்க்கணும் என்றார். மகள் லென்சைக் கொடுத்து, மடல் மடலாகக் காட்டினாள். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். பாதி எனக்குப் புரியவில்லை. ஓர் இடத்தில் அவர் கேட்டார்: "இதெல்லாம் படிக்கையில உங்களுக்குப் பயமா இல்லியாம்மா? விசுவாசம் போயிருமோன்னு?"

"காலேஜ்ல மொத வருசம் தெனம் அழுவேன் ஐயா. பஸ்ஸுல ஜன்னலோரம் ஒக்காந்து அழுவேன். படிப்ப உட்டுடலாமா, கோயில உட்டுடலாமான்னு. ஜெபத்துல கேட்டேன். பதில் வரல. ஆனா ஜெபம் பண்றத நிறுத்தவும் முடியல. ரெண்டையும் புடிச்சிக்கினே நடந்தேன். நடக்க நடக்கப் பயம் போய்டிச்சி."

நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். விடியலில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்து அந்த பஸ்ஸில் ஏற்றி விட்டவள் நான்தான். அவள் அழுதது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் படிப்பை விடு என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. சொல்லாமல் தனியாகவே தாண்டியிருக்கிறாள். இப்படி ஒரு பிள்ளையையா வெளியே நிறுத்தினார்கள் என்று மனசு கொதித்தது.

போதகர் கிளம்பும்போது, "கமிட்டியில நான் பேசுதேன். முதல்லயே பேசியிருக்கணும்" என்றார்.

பேசினார். லேசில் முடியவில்லை. இரண்டு கூட்டம் சண்டையில் கலைந்தது. கடைசியில் கல்லைப் பதிக்கவும் வேண்டாம், சலவைக்கல்லும் வேண்டாம் என்று ஆனது. கொத்தனார் விட்டு வைத்திருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டார். என் மகள் கல்லைத் தான் படித்த காலேஜுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் வேறு சபைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. அவர்களுக்காக நான் தினம் ஜெபம் பண்ணுகிறேன். என் தம்பியும் போனான். இரண்டு ஞாயிறில் திரும்பி வந்துவிட்டான். "அங்க பாட்டு மட்டும் ரெண்டு மணி நேரம் பாடறானுங்கக்கா, நின்னு நின்னு பேஜாராப்பூச்சு" என்றான். அவன் அவசரப்பட்டு முன்னமே வெட்டி வைத்த சலவைக்கல் அவன் வீட்டுப் பின்பக்கம் கவிழ்ந்து கிடக்கிறது. அவன் பெண்சாதி அதில் துணி துவைக்கிறாள்.

பிரதிஷ்டை நாள் வந்தது. பந்தல், சீரியல் லைட்டு, கம்பெனிப் பிள்ளைகள் வாங்கி வந்த புது மைக்கு. வேதபாடம் வாசிக்க என் மகளை அழைத்தார் போதகர். கமிட்டியில் யாரையும் கேட்டுச் செய்யவில்லை என்று பின்னால் தெரிந்தது. படைப்பின் அதிகாரத்தைத்தான் வாசிக்கக் கொடுத்திருந்தார். மூப்பர்கள் வரிசையில் முணுமுணுப்பு.

சந்தன நிறப் புடவை. தலையில் முக்காடு. மைக்குக்கு முன்னால் நின்று, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை வாசித்தாள். எந்த இடத்திலும் குரலைத் தாழ்த்தவில்லை, எந்த இடத்தையும் ஓட்டிவிடவில்லை. ஒவ்வொரு நாள் முடிகிறபோதும் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அந்த நிறுத்தத்தில் எத்தனை எத்தனை காலம் போயிற்று என்று நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். நம்பாமல் படிக்கிறவள் அப்படிப் படிக்க முடியாது. அது என் தம்பிக்கும் தெரிந்திருக்கும், அவனும் காது உள்ளவன்தானே.

வாசித்து முடித்து நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பந்தியில் தம்பி அவளுக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பாப்பா, நல்லாத்தான் படிச்சே. ஆனா ஆறாயிரந்தான்."

"மாமா, பிரியாணி ஆறிப்பூடும். சாப்ட்டுக்கினே சண்ட போடலாம்."

"சண்ட இல்ல, நான் உனக்கு எடுத்துச் சொல்றேன்."

"சொல்லு. அப்புறம் நான் சொல்றேன். நடுவுல எழுந்து போவக் கூடாது."

"நான் ஏன் போவணும்? இது என் கோயிலு."

"என் கோயிலுந்தான்."

அதற்குள் பிள்ளைகள் வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த ஞாயிறு வகுப்பு உண்டா, எத்தனை மணிக்கு என்று ஆளுக்கு ஒரு பக்கம் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். "கை கழுவிட்டு வந்து சொல்றேன், உடுங்க" என்றாள். பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு, அவள் தட்டில் இன்னொரு கரண்டி போடச் சொன்னேன். என் தம்பி தட்டிலும்தான்.